பழைய கிட்டாரும் புது பிக்கப்பும்: பணம் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: 90களில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார், மூன்று சிங்கிள் காயில் பிக்கப். பத்து வருடம் பரணில் கிடந்தது. சர்ச் கொயருக்காக இப்போது எடுத்தால் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பில் சத்தமே இல்லை, மற்ற இரண்டும் மங்கலாகக் கேட்கின்றன. மூன்றையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (நாகர்கோவில்)

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம். அதில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான், அந்தச் சுற்றுக்குத்தான் காயில் என்று பெயர். அந்தக் கம்பி தலைமுடி கனம்கூட வராது, அதை எட்டாயிரம் சுற்று போலச் சுற்றியிருப்பார்கள். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் வாசித்து வாசித்துத் தேய்வதற்கு அதில் ஒன்றும் கிடையாது. கெடுவது பெரும்பாலும் அதைச் சுற்றி இருப்பவைதான்: செலக்டர் ஸ்விட்ச், வால்யூம் கன்ட்ரோல், ஜாக், ஈயம் வைத்த இடங்கள். உங்கள் ஊர் கடல்காற்றில் பத்து வருடம் சும்மா கிடந்த ஸ்விட்ச் களிம்பு பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் புது ஸ்ட்ரிங் போடுங்கள். மங்கலாகக் கேட்பதில் பாதிக்கு மேல் துருப்பிடித்த பழைய ஸ்ட்ரிங்தான் காரணமாக இருக்கும். அப்புறம் கான்டாக்ட் கிளீனரை ஸ்விட்சிலும் கன்ட்ரோல்களிலும் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிக்கப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து ஒரு மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணமானதே போதும். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு முள்ளும் அடிப்பகுதியில் இன்னொன்றும் வைத்து 20 கிலோ ஓம் அளவில் பாருங்கள். சிங்கிள் காயில் என்றால் 5 முதல் 7 கிலோ ஓம் வரை வரும், வந்தால் அந்த பிக்கப் உயிரோடு இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பில் மீட்டர் எண் காட்டாமல் நின்றால் அளவைக் கூட்டி வையுங்கள். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் நீங்கள் அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்தான், காயில் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் சரியான அளவு காட்டியும் சத்தம் மட்டும் சின்னதாக இருந்தால் உயரத்தைப் பாருங்கள், கீழே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து பிக்கப் உள்ளே இறங்கியிருக்கலாம். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்தால் தடித்த ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, இதிலிருந்து ஆரம்பிக்கலாம். ரொம்ப நெருக்கி வைத்தால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து சுருதியையே கலைத்துவிடும்.

அறுந்திருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. என் தம்பியின் கிட்டாரில் இதே பிரச்சினை வந்தபோது பிக்கப்பைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அடித்தகட்டில் கம்பி நுனிகளை ஈயம் வைத்துச் சேர்க்கும் இரண்டு சின்னக் கண்கள், அதில் ஒன்றின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பேறி, ஈயத்தைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி அந்தக் கம்பி நுனி நின்றுகொண்டிருந்தது. பூச்சைச் சுரண்டி, மெல்லிய முனையுள்ள அயனால் ஒரு சொட்டு ஈயம் வைத்தோம், பிக்கப் பேசிவிட்டது. அறுபடுவது பல நேரம் இந்த இடத்தில்தான். சுற்றுக்கு உள்ளே அறுந்திருந்தால்தான் ரீவைண்டிங் (கம்பியை மறுபடி சுற்றுவது), அல்லது அந்த ஒன்றுக்கு மட்டும் புதுசு. ரீவைண்டிங்கை பிக்கப் சுற்றிப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், ஃபேன் மோட்டார் சுற்றும் இடத்தில் வேண்டாம், அவர்கள் கைவேலை நல்லதுதான், ஆனால் இந்தக் கம்பி அவர்கள் இழுக்கிற இழுவைக்கே அறும்.

ஒரு எச்சரிக்கை. மேலே தெரிகிற காந்தக் குச்சிகளை உயரம் சரிசெய்கிறேன் என்று அழுத்திவிடாதீர்கள். இந்த வகை பிக்கப் பலவற்றில் கம்பி நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருக்கும், குச்சி நகர்ந்தால் உள்சுற்று அறுந்துபோகும். நல்ல பிக்கப் எத்தனையோ இப்படித்தான் செத்திருக்கின்றன.

கேள்வி: பழைய கிட்டார், ஆம்ப்பில் சொருகினாலே கொர்ரென்று இரைச்சல். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) போட்டால் போய்விடுமா? (கோவை)

பதில்: அதில் ஒரு பகுதி போகும். இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைந்தால் உள் வயரிங்கில் கவசம் போதவில்லை, உட்குழியில் செம்பு டேப் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் நன்றாகவே அடங்கும். தொட்டதும் கூடினால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வேறு, அது சிங்கிள் காயிலின் இயல்பு. கிப்ஸனில் இருந்த செத் லவர் 1955இல் ஹம்பக்கரை வடிவமைத்ததே இதற்காகத்தான்: எதிரெதிர் காந்தத் திசை, எதிரெதிர் சுற்று, இப்படி இரண்டு காயில், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்ட்ரிங்கின் சத்தம் மட்டும் சேர்ந்து வரும். உங்களுக்கு வேண்டுமானால் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கரை வாங்குங்கள், மரத்தை வெட்டவேண்டாம். சிங்கிள் காயிலின் அந்தப் பளிச்சென்ற ஒலி கொஞ்சம் குறையும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டு பிளக் பாயின்டில் மூன்றாவது பின்னுக்கு எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் அன்றைக்கு வாசிப்பதை நிறுத்துங்கள். இதில் உயிரே போகும்.

கேள்வி: ஆன்லைனில் "16 கே, அதிக அவுட்புட்" என்று மலிவாக ஒரு பிக்கப் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: அந்த எண் கிலோ ஓமில் கம்பியின் மின்தடை, சத்தத்தின் அளவு அல்ல. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். என்ன காந்தம், எந்தக் கம்பி, ஸ்ட்ரிங் இடைவெளி எவ்வளவு, இந்த மூன்றையும் சொல்லாத விற்பனையாளரிடம் நான் வாங்கமாட்டேன். ஹம்பக்கரில் இடைவெளி முக்கியம், 50 மில்லிமீட்டர், 53 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு சாதாரணமாக வரும், உங்கள் பிரிட்ஜை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சிங்கிள் காயில் இருந்த இடத்தில் ஹம்பக்கர் போடுகிறீர்கள் என்றால் 250 கிலோ ஓம் கன்ட்ரோல்களை 500 ஆக மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மந்தமாக ஒலிக்கும். வயர் நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சீமோர் டங்கனில் சிக்னல் கறுப்பு வயரில், டிமார்ஸியோவில் சிவப்பில். பழக்கதோஷத்தில் பற்றவைக்காமல் கூட வருகிற தாளைப் பாருங்கள்.

கேள்வி: வால்யூம் கூட்டினால் கீச்சென்று கத்துகிறது, பிக்கப்பைத் தட்டினால் மைக் மாதிரி கேட்கிறது.

பதில்: சுற்று தளர்ந்திருக்கிறது. உருகிய மெழுகில் முக்கி எடுத்தால் இறுகிவிடும், 65 டிகிரியை ஒட்டி, சுடுநீருக்குள் வைத்த பாத்திரத்தில்தான். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும், சூடு ஏறினால் பிளாஸ்டிக்கும் வளையும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: 80களின் ஜப்பான் கிட்டாரை விற்கப்போகிறேன். பிக்கப் மாற்றிவிட்டு விற்றால் விலை கூடுமா?

பதில்: கூடாது, குறையவே வாய்ப்பு அதிகம். பழைய கிட்டார் தேடுகிறவர் கம்பெனியிலிருந்து வந்த பாகங்களைத்தான் கேட்பார், ஈயம் வைத்த இடம் மறுபடி தொடப்பட்டிருக்கிறதா என்றுகூடத் திறந்து பார்ப்பார். ஏற்கெனவே மாற்றியிருந்தால் கழற்றிய பழசை, ஓடாததாக இருந்தாலும், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி ஒரு கவரில் போட்டு கிட்டாரோடு கொடுத்துவிடுங்கள்.