பிடுங்கினாலும் பிழைக்கும் செடி

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. தொட்டியில் வெண்டை விதைத்தேன். முளைத்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். தப்பிய நாற்றுகளும் அவன் ஊற்றும் தண்ணீரில் அடித்தண்டு அழுகிச் சாய்கின்றன. கத்தரியில் அசுவினிப் பூச்சி வேறு. கடையில் வேப்பெண்ணெய் கொடுத்து, ‘இயற்கை மருந்துதான், குழந்தை பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்றார்கள். அவனைச் செடிகளிடம் அண்டவிடாமல் செய்ய என்ன வழி?

பதில்: முதலில் அந்த வேப்பெண்ணெய்ப் புட்டியை உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். மகனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வயதில் கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குப் போகும். வேப்பெண்ணெய் சில மில்லி உள்ளே போனதற்கே சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்திருக்கின்றன. தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; புட்டியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ‘ஒன்றும் ஆகாது’ என்பவரிடம் எந்த மருந்தும் வாங்காதீர்கள். எந்தத் தெளிப்பு மருந்தையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

விதையிலும் இதே கவனம் வேண்டும். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறிய விதை பெரும்பாலும் தைராம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்தது. சாயம் இல்லாததாலேயே நஞ்சு இல்லை என்றும் ஆகாது. பையைப் பிரித்துச் சில்லறையாக அள்ளித் தரும் விதையில் என்ன தடவியிருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அதை வாங்கவே வேண்டாம். வீட்டில் எடுத்த விதையானாலும் எண்ணிக் கொடுங்கள்: பத்து கொடுத்தால் பத்தும் மண்ணுக்குள் போயிற்றா என்று பாருங்கள். மூக்கில் நுழைத்த பயறு ஈரத்தில் ஊதிக்கொள்ளும்.

இனி பிடுங்குவது. வெண்டைக்கு ஆணிவேர், பிடுங்கினால் அதன் கதை முடிந்தது. அவனுக்குப் புதினாவும் கொடிப்பசலையும் கொடுங்கள். 10 செ.மீ. தண்டாக நறுக்கி, கீழ்க் கணுக்களில் உள்ள இலையை உருவிவிட்டால், பாதித் தண்டு உள்ளே போக அவனே செருகுவான். நாளை பிடுங்கினாலும் மறுபடி செருகினால் போதும். எத்தனை முறை பிடுங்கினாலும் நீங்கள் அதட்ட வேண்டியிருக்காது. விதையும் தேவையில்லை. தொட்டி அகலமாக, 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அவன் கைக்கு எட்டும். மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, நன்றாக மக்கிய உரம் ஒன்று. பச்சைச் சாணம் குழந்தை கைபடும் மண்ணில் கூடாது; அதில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

தண்ணீர் ஊற்றாதே என்றால் கேட்க மாட்டான், அளவைத்தான் குறைக்க முடியும். 200 மில்லி குவளை ஒன்றைக் கொடுத்து, காலையில் மூன்று குவளையோடு நிறுத்துங்கள். தொட்டியின் வடிதுளை அடைபடாமல் இருக்கட்டும். மீதி ஆசைக்குச் செடியே இல்லாமல் மண் மட்டும் நிரப்பிய ஒரு தொட்டி, மரக்கரண்டி, இரண்டு கிண்ணம் போதும். செடித்தொட்டியை விட அதில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பான். வாளியில் மட்டும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்: குழந்தைக்குத் தலை கனம், குப்புற விழுந்தால் 5 செ.மீ. தண்ணீரே ஆபத்து.

அசுவினிக்கு மருந்து வேண்டாம். மருந்தே படாத புதிய கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர் நிரப்பி மகனிடம் கொடுங்கள். இலையின் அடிப்பக்கத்தை நீங்கள் திருப்பிப் பிடியுங்கள், அவன் பீச்சட்டும். உதிர்ந்த அசுவினியில் பெரும்பகுதி திரும்ப ஏறாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு வாரம் செய்யுங்கள்.