கையிலுள்ள பணத்துக்கு எத்தனை சதுர அடி?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். எனக்குச் சீதனமாகக் கிடைத்த இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்ட எண்ணியுள்ளோம். சேமிப்பு 45 இலட்சம் ரூபா இருக்கிறது. வங்கி 50 இலட்சம் கடன் தர இணங்கியுள்ளது. கனடாவிலுள்ள தம்பி 25 இலட்சம் அனுப்புவதாகச் சொல்கிறான். கொந்தராத்துக்காரர் சதுர அடிக்கு 8,500 ரூபா கேட்கிறார். 1,400 சதுர அடிக்கு 1 கோடியே 19 இலட்சம் வருகிறது. கணக்குச் சரியாக வருவதால் தை பிறந்ததும் அத்திவாரம் போடலாமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: கணக்கு இவ்வளவு சரியாக வருவதுதான் எனக்குக் கவலை தருகிறது. 1 கோடியே 20 இலட்சத்தை நம்பி 1 கோடியே 19 இலட்சத்துக்கு வேலை தொடங்கினால், மதிலுக்கும் மலக்குழிக்கும் கிணற்று மோட்டருக்கும் மின் இணைப்புக்கும் மிஞ்சுவது ஒரேயொரு இலட்சம்.

முதலில் தம்பியின் பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவருடைய அன்பில் ஐயம் கொள்ளவில்லை. ஆனால் அவருக்கும் அங்கே வீட்டுக் கடனும் பிள்ளைகளின் செலவும் இருக்கும், நம் வீட்டின் கூரை வேலை எந்த மாதம் வருகிறது என்று பார்த்து அவருடைய கை இளகுவதில்லை. வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்து, கதவு யன்னல்களுக்கு மேல் வரும் லின்டல் மட்டத்தோடு நின்று, அறைக்குள் ஆமணக்கு முளைத்துக் கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்றும் உள்ளன. அந்தப் பணம் வந்து சேர்ந்த பிறகு அதற்குரிய வேலையைத் தீர்மானிக்கலாம்.

உறுதியான தொகை 95 இலட்சம். இதில் 12 இலட்சத்தை எதிர்பாராத செலவுக்கென்று வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். கொந்தராத்துக்குள் அடங்காத வேலைகளுக்கு, அதாவது வரைபடம், பிரதேச சபை அனுமதி, மலக்குழி, தண்ணீர்த் தாங்கி, மதில், கேற், குடிபூரல் ஆகியவற்றுக்கு, 15 இலட்சம் ஒதுக்குங்கள். மீதி 68 இலட்சம். அதை 8,500 ஆல் வகுத்தால் 800 சதுர அடி. உங்களால் இன்று கட்டக்கூடிய வீடு அதுதான். இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, குளியலறை என்று அதை வசதியாக வகுக்கலாம். ஆனால் முழு 1,400 சதுர அடிக்கும் இப்போதே வரைபடம் கீறுவித்து, மற்ற அறைகள் பின்னர் எந்தப் பக்கம் இணையும் என்பதைப் பொறியியலாளரைக் கொண்டு தீர்மானித்துவிடுங்கள். பின்னர் சுவர் இடித்துக் கதவு வைப்பதைவிட அது மிகவும் மலிவு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பின் இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டபோது, அத்தொகைக்கு ஏற்ற அளவோடு நின்றவர்கள் வீட்டுக்குள் குடிபுகுந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தால் போதாதே என்று அத்திவாரத்தை அகலமாகப் போட்டவர்களிற் பலர் நகையை அடகு வைத்தும் பூச்சு வேலையை முடிக்க முடியாமல் தவித்தார்கள். அந்தத் தாய்மாரின் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் வீட்டின் செலவு அத்திவாரக் கோட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதன் பின் மாபிளிலும் பெயின்ரிலும் மிச்சம் பிடித்து அதை ஈடுசெய்ய முடியாது.

அடுத்து, 8,500 ரூபாவுக்குள் எவை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விறாந்தையும் போர்ட்டிக்கோவும் முழு விலையிற் கணக்கிடப்படுகின்றனவா, நிலைகளும் கதவுகளும் எந்த மரத்தில், வயறிங்கும் குளியலறைப் பொருட்களும் எந்தத் தரத்தில் என்பன தெரியாமல் இரண்டு கொந்தராத்துக்காரரின் விலைகளை ஒப்பிடவே முடியாது. முதிரை நிலைக்கும் அலுமினிய யன்னலுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே சில இலட்சங்களாகும். ஒவ்வொரு வேலையையும் அளவோடும் விலையோடும் காட்டும் பி.ஓ.கியூ. பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதற்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

கூரையைப் பற்றியும் யோசியுங்கள். மேல்மாடி கட்டும் எண்ணம் இல்லாமலே பிளாட், அதாவது தட்டையான கொங்கிறீற்றுக் கூரை, அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 800 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தடிப்பில் பிளாட் போட்டால், 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி) ஏறத்தாழ 60 பை சீமெந்து அதற்கு மட்டும் தேவை. கம்பியும் பலகையடிப்புக் கூலியும் வேறு. மேலே கட்டப்போவதில்லை என்றால் ஓட்டுக் கூரையையும் விலை கேட்டுப் பாருங்கள். நம் வெயிலுக்கு அது குளிர்ச்சியாகவும் இருக்கும்.

வங்கி கடனை ஒரே தடவையில் தராது. வேலையைப் பார்வையிட்டுப் படிப்படியாகவே விடுவிக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உங்கள் சேமிப்பிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கும். முழுத்தொகையும் வெளிவந்த பின், வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 50,000 ரூபா வட்டிக்கு மட்டுமே போகும். வாடகை வீட்டில் இருப்பவராயின் அந்த வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். கொந்தராத்துக்காரருக்கும் முடிந்த வேலைக்கே பணம் கொடுங்கள். இறுதித் தவணையில் ஒரு பங்கைக் குறைபாடுகள் திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தையில் தொடங்குவது நல்லதே. ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும்.

கேள்வி: விலை ஏறும் என்று பயமாக இருக்கிறது. சீமெந்து முழுவதையும் இப்போதே வாங்கி வைக்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: 2022 இல் டொலர் 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டியதைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும் வேண்டாம். சீமெந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வலுவிழக்கும்; மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. கம்பியும் நம் உப்புக் காற்றில் துருவேறும். முன்கூட்டி வாங்குவதானால் மாபிள், குழாய், மின் கம்பி போன்ற கெடாத பொருட்களை வாங்குங்கள், அதுவும் அளவு உறுதியான பிறகு.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். கொங்கிறீற்றுக்குப் பாவித்தால், பவுசரில் (தண்ணீர் வண்டியில்) நல்ல தண்ணீர் எடுக்கும் செலவு மிஞ்சுமே?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: பாவிக்காதீர்கள். தண்ணீரிலுள்ள உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்து, சில ஆண்டுகளில் பிளாட்டின் அடிப்பூச்சு கொட்டத் தொடங்கும். கலப்பதற்கு மட்டுமன்றி, தொடர்ந்து ஏழு நாட்களாவது நனைத்து வைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். பவுசர் தண்ணீரைச் சீமெந்தைப் போலவே ஒரு கட்டடப் பொருளாகப் பட்டியலில் எழுதி, அதற்குரிய தொகையை முதலிலேயே ஒதுக்குங்கள்.