அல்கொன்குவினில் எங்கே தங்குவது: பத்துப் பேர், முழங்கால் வலியோடு அம்மா, கனூ ஆசையோடு தம்பி

ஒரு வாசகி கேட்கிறார்: “நாங்கள் இரண்டு குடும்பம், மொத்தம் பத்துப் பேர். என் வீட்டில் நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், 68 வயதில் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பி வீட்டில் அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். ஆகஸ்ட்டில் ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்கு மூன்று இரவு போக நினைக்கிறோம். யாருமே இல்லாத ஏரிக்கரையில் கனூவில் (ஒடுங்கிய துடுப்புப் படகில்) போய்த் தங்கவேண்டும் என்கிறான் தம்பி. எனக்குக் கழிப்பறை பக்கத்தில் இருந்தால் போதும். எல்லாருக்கும் இது முதல் முறை. எந்த இடத்தைப் பதிவு செய்வது?”

நீங்கள் கேட்பது, தம்பி கேட்பது இரண்டும் ஒரே பயணத்தில் நடக்கும். ஆனால் பத்துப் பேரும் மூன்று இரவும் ஒரே இடத்தில் படுப்பது நடக்காது. அதற்குப் பூங்காவின் விதியே இடம் தராது. காரில் போய் இறங்கும் முகாம்களில் ஒரு இடத்துக்கு ஆறு பேர்தான். பெற்றோரும் பிள்ளைகளுமான ஒரே குடும்பம் என்றால் மட்டும் அதற்கு மேல் விடுவார்கள். கனூவில் போகும் உட்பகுதியில் ஒரு இடத்துக்கு ஒன்பது பேர் வரை. ஆகவே எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். ஏரி எங்கே அழகாகத் தெரியும் என்றுதான் தேடுகிறார்கள். பகலில் சாலையோர ஏரிகளுக்குக் காரில் போய்விடலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்தால் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், மழை கொட்டினால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது, பக்கத்து இடத்தில் சத்தம் போட்டால் தூக்கம் வருமா? தங்கும் இடத்தைத் தீர்மானிக்கவேண்டியவை இவைதான். இருட்டுக்குப் பொருத்தமான இடத்தைப் பிடியுங்கள். காட்டைப் பகலில் தேடிப் போகலாம்.

1893இல் உருவான பூங்கா இது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அதன் தென்பகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை 60 சுமார் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. ரொறன்ரோவிலிருந்து மேற்கு வாசலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த வாசலிலிருந்து கிலோமீற்றர் எண்ணிக்கை தொடங்கும். பூங்காவுக்குள் வழி சொல்வதெல்லாம் “30ஆவது கிலோமீற்றரில்” என்கிற மாதிரித்தான். கைபேசிச் சமிக்ஞை இந்தச் சாலையோரமே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், உள்ளே போனால் இல்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் தேர்வு மியூ லேக். 30ஆவது கிலோமீற்றர் தாண்டியதும் வரும். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் முகாம் அது. குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் வசதியுள்ள கட்டடம் இருக்கிறது. முக்கியமாக, அங்கே சில யேர்ட்கள் உண்டு. தடித்த துணியால் மூடிய, ஏறக்குறைய வட்டமான கூடார வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைத் தளம், அடுக்குக் கட்டில், மின்சாரம், சூடேற்றி எல்லாம் உள்ளே. ஆறு பேர் படுக்கலாம். உங்கள் வீட்டில் சரியாக ஆறு பேர்! முழங்கால் வலி உள்ள ஒருவர் தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழும்புவதற்கும் கீழ்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எழும்புவதற்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டாம் நாள் காலையில் தெரியும். யேர்ட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் கிடையாது, சமைக்கவும் கூடாது. அதனால் முகாம் வரைபடத்தில் கழிப்பறைக் கட்டடத்துக்குக் கிட்ட இருக்கும் யேர்ட்டையே பாருங்கள். தம்பி குடும்பம் நான்கு பேர், அதே முகாமில் ஒரு கூடார இடம் எடுக்கட்டும். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு வாகனம் சேர்ந்தே வருவதால் இரண்டு கார் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

யேர்ட் கிடைக்கவில்லை என்றால்? எளிதில் கிடைக்காது, உண்மை. அப்போது பக்கத்திலேயே இருக்கும் லேக் ஒஃப் டூ ரிவர்ஸ் முகாமைப் பாருங்கள். நல்ல மணல் கரை உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். கடை நடக்கிற தூரம். ஆனால் ஆகஸ்ட்டில் கூட்டமும் இரைச்சலும் இருக்கும், நெடுஞ்சாலை லொறிச் சத்தமும் கேட்கும். பொக் லேக் இன்னும் பெரியது, மரநிழல் அதிகம். கேர்னி சின்னது, மின்சார இடங்கள் இல்லை. அமைதிதான் வேண்டும் என்றால் ரொக் லேக். 40ஆவது கிலோமீற்றரில் திரும்பி மண் சாலையில் உள்ளே போகவேண்டும். லொறிச் சத்தம் அங்கே எட்டாது, மாலையில் லூன் பறவை கூப்பிடுவது தெளிவாகக் கேட்கும். கைக்குழந்தையோ முதியவரோ இல்லாத குடும்பம் என்றால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஒரு அவசரம் என்றால் சாலைக்கு வரவே நேரமாகும், அதனால் இரண்டாமிடம்.

கூடாரமே வேண்டாம் என்று அம்மா சொன்னால் பூங்காவுக்குள்ளேயே விடுதிகளும் உண்டு: அரோஹொன் பைன்ஸ், பார்ட்லெட் லொட்ஜ், கில்லார்னி லொட்ஜ். மூன்றும் விலை கூடியவை. பார்ட்லெட்டுக்கு காஷே லேக்கைப் படகில் கடந்துதான் போகவேண்டும். பழைய வனக்காவலர் மரவீடுகளும் வாடகைக்கு உண்டு. சிலவற்றுக்குக் கார் போகும், சிலவற்றுக்குக் கனூ மட்டும். முதல் முறைக்கு அவை வேண்டாம்.

முகாமைத் தெரிவு செய்த பிறகு அதற்குள் எந்த எண்ணைப் பிடிப்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தண்ணீரை ஒட்டிய இடம் முதலில் போய்விடும், போகட்டும். கரையோர இடத்துக்குக் காற்று நேராக அடிக்கும், இரவு குளிர் அதிகம், கரையில் நடந்து போகிறவர்கள் உங்கள் அடுப்பைத் தாண்டித்தான் போவார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தண்ணீர்ப் பக்கம் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கவேண்டும். கரையிலிருந்து இரண்டாம் வரிசை, தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்று நான்கு இடம் தள்ளி, கழிப்பறைக்கு ஒரு நிமிட நடை. இதுதான் நல்ல இடம். கழிப்பறைக்கு நேர் எதிரே வேண்டாம். இரவெல்லாம் கதவு அடிக்கும், விளக்கு எரியும். சில முகாம்களில் வானொலி, பாட்டு எதுவும் போடக்கூடாத பகுதி என்று வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள். அந்தப் பகுதியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

போய் இறங்கியதும் கூடாரத்தைப் பிரிக்கும் முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். காய்ந்த கிளையோ சாய்ந்த பட்ட மரமோ மேலே நின்றால் அதன் கீழே படுக்கக்கூடாது. அடுத்து தரை. பைன் ஊசி இலைகள் அலையலையாக ஒதுங்கிக் கிடக்கும் பள்ளம் போன மழையில் தண்ணீர் ஓடிய வழி. அதில் கூடாரம் போட்டால் அடுத்த மழையில் நனைவீர்கள். லேசான சரிவு பரவாயில்லை, தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

நுளம்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கறுப்பு ஈக்கள் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரைதான் பாடாய்ப் படுத்தும். அவை ஓடும் தண்ணீரில் வளர்பவை, பகலில் கடிப்பவை. ஆகஸ்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. நுளம்பு கொஞ்சம் இருக்கும், சதுப்புக்கு அருகே அதிகம். காற்றோட்டமான இடம் உதவும். ஆகஸ்ட் என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். சில இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடும்.

சரி, தம்பியின் கனூ. அவர் ஆசை நியாயமானது, அதை வெட்டிவிடாதீர்கள். மூன்று இரவில் இரண்டாவது இரவை அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டு நால்வரோடு உங்கள் மூத்த பிள்ளையும் சேர்ந்து ஒரு இரவு உள்ளே போய் வரட்டும். அந்த இரவுக்கு இரண்டு பக்கமும் பணம் கட்டவேண்டி வரும், பரவாயில்லை. முதல் முறைக்குக் கனிஸ்பே லேக் பொருத்தம். 23ஆவது கிலோமீற்றரில் கார் முகாம் இருக்கும் அதே ஏரியில், கனூவில் மட்டும் போகக்கூடிய இடங்களும் உண்டு. கனூவைத் தோளில் தூக்கி நடக்கவேண்டியதில்லை, துடுப்புப் போடும் தூரமும் சின்னது, பயந்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஒப்பியோங்கோவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார். பூங்காவின் மிகப் பெரிய ஏரி. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பின்னேரம் காற்று எழும்பினால் அலை கனூவைப் புரட்டும் அளவுக்கு வரும். பழகியவர்களே அதிகாலையில் கடந்துவிடப் பார்ப்பார்கள். கனூ லேக் கனூப் பயணம் தொடங்கும் இன்னொரு பிரபலமான இடம். ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் இறந்தது அந்த ஏரியில்தான். பகலில் கனூ வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்க்க நல்ல இடம், முதல் நாள் எல்லாரும் அங்கே போங்கள். லைஃப் ஜாக்கெற் ஒவ்வொருவருக்கும் அளவாக இருக்கவேண்டும். பிள்ளைகள் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறட்டும்.

உட்பகுதியில் பெரும்பாலும் நீங்கள் பதிவு செய்வது ஏரியைத்தான், குறிப்பிட்ட இடத்தை அல்ல. கரையில் செம்மஞ்சள் அடையாளப் பலகை தெரியும். முதலில் வருகிறவர் விரும்பியதை எடுப்பார். ஆகவே மதியத்துக்குள் போய்ச் சேரவேண்டும். தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் அங்கே தடை. டின் மீன் கறி என்று திட்டம் இருந்தால் வீட்டிலேயே வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்கவேண்டும்.

கரடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இங்கே இருப்பவை கறுப்புக் கரடிகள், அவற்றை இழுப்பது மணம். கருவாடு, பொரித்த எண்ணெய், பிள்ளையின் சொக்லேற், பற்பசை எல்லாம் ஒன்றுதான். கார் முகாமில் சமைத்து முடிந்ததும் ஒன்று விடாமல் காருக்குள் போகட்டும், கூலரும் சேர்த்து. மேசையில் விட்டால் அபராதமும் வரும். யேர்ட்டிலும் கூடாரத்திலும் சாப்பாடு வைக்கவே கூடாது. உள்ளே போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் 4 மீற்றர் உயரத்துக்கு, தண்டிலிருந்து 2 மீற்றராவது தள்ளித் தொங்கவிடவேண்டும். இருட்டியபின் நல்ல கிளை தேட முடியாது. கூடாரம் போடும் முன்பே கயிற்றை எறிந்துவிடச் சொல்லுங்கள். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டாம், மரத்தைத் தாக்கும் பூச்சிகள் அதோடு பயணம் செய்யும். அங்கேயே வாங்கலாம்.

தம்பி உள்ளே போகும் நாளில் அம்மாவுக்கு ஸ்ப்ரூஸ் பொக் மரப்பலகைப் பாதை இருக்கிறது. ஒன்றரைக் கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். 43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் மையத்தின் பார்வை மேடையிலிருந்து காடு விரிந்து தெரியும், அங்கே அதிகம் நடக்கவேண்டியதில்லை. பெரிய பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஏற்றிக்கொண்டு போங்கள். பழைய ரயில் தடத்தில் போட்ட 16 கிலோமீற்றர் சைக்கிள் பாதை மியூ லேக் வழியாகவே ரொக் லேக் வரை போகிறது. அம்மாவுக்குக் கைப்பிடி வைத்த, கொஞ்சம் உயரமான மடிப்புக் கதிரை ஒன்று கட்டாயம்.

பதிவு செய்வது ஒன்ராறியோ பூங்காக்களின் (Ontario Parks) இணையத்தளத்தில், ஐந்து மாதத்துக்கு முன், காலை 7 மணிக்கு. ஆகஸ்ட் 16 போய் இறங்குவதென்றால் மார்ச் 16. அன்று காலை 7 மணிக்கு நீங்களும் தம்பியும் தனித்தனிக் கணினியில், தனித்தனிக் கணக்கில் உட்காருங்கள். நீங்கள் யேர்ட்டையும் அவர் கூடார இடத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யப் போனால் இரண்டாவது போய்விடும். வெள்ளி, சனி இரவுகளை விட்டு ஞாயிறு முதல் புதன் வரை பாருங்கள், வாய்ப்பு கூடும். அன்றைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் அந்தத் தளத்திலேயே இடம் காலியானால் அறிவிக்கும் வசதியைப் பதிந்து வையுங்கள். கோடையில் பலர் திட்டத்தை மாற்றி இடத்தை விடுவார்கள், போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பும் கிடைப்பதுண்டு.