இடைவேளையில் கை வைக்காதீர்கள்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

இங்கே மொரிஷியஸில் ஜனவரியில் பள்ளி திறந்ததிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விளையாட்டு நேரம் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. பரீட்சை வருகிறது என்று மதிய இடைவேளையிலும் பழைய வினாத்தாள் எழுத வைக்கிறார்கள். பள்ளி விட்டதும் டியூஷன் வேறு. இது தேவையா? (ரோஸ் ஹில்)

தேவையில்லை. மதியத்துக்குப் பிறகு ஒரு வகுப்பின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உட்கார உட்காரக் கவனம் கரைந்துகொண்டே போகும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வந்தால் திரும்பி வரும். பின்லாந்தில் 45 நிமிடப் பாடம் முடிந்ததும் 15 நிமிடம் வெளியே அனுப்பிவிடுவது வழக்கம், அதனால் அங்கே யாருக்கும் படிப்பு கெட்டுப்போகவில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று போகும் நம் பிள்ளைகளின் நாளில் அந்த 60 நிமிடத்துக்கு இடைவேளையை விட்டால் வேறு எங்கே இடம்? தனியாகப் போய் ஆசிரியரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், அவருக்கும் மேலிருந்து நெருக்கடிதான். நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அப்புறம், டியூஷனுக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அது உங்கள் கையில்தானே இருக்கிறது.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு, ஒரு இடத்தில் உட்கார மாட்டான். தண்டனையாக இடைவேளைக்கு வெளியே விடுவதில்லை. (திரியோலே)

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பிறகு அவன் இன்னும் நெளிகிறான் என்று புகார். இடைவேளையைத் தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது, மொரிஷியஸ் அதில் 1990-இல் சேர்ந்த நாடு. இதைப் பணிவாக ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிடக் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும்.

கேள்வி: வெயிலில் விளையாடிக் கருத்துப்போகிறாள். உள்ளேயே இருக்கச் சொல்லலாமா? (போர்ட் லூயி)

கருப்பதைப் பற்றிய கவலையை முதலில் தூக்கிப் போடுங்கள். வெயிலின் கடுமை வேறு விஷயம்: டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேரே நிற்கிறது, ஆகவே தொப்பி, தண்ணீர், உச்சி வேளையில் நிழல். ஆனால் வெளியேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தேவை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான், வெளியே மர நிழலில்கூட அதைப்போல் பல மடங்கு. அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது, அது கண் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வருவதைத் தடுக்க உதவுகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5. கரும்பலகை தெரியாமல் என்ன கணக்குப் போடுவது?

கேள்வி: விளையாடினால் சண்டைதான் வருகிறது. ஆசிரியர் ஒருவர் நின்று விளையாட்டு நடத்தினால் என்ன? (கத்ர் போர்ன்)

உடற்பயிற்சி வகுப்பில் நடத்தட்டும், இடைவேளையில் வேண்டாம். ஒரு கோலி ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கால் கோட்டைத் தொட்டது என்பான் ஒருவன், இல்லை என்பான் இன்னொருவன், மூன்றாமவன் குச்சியால் கோட்டைத் திரும்பக் கீறி ‘இங்கேதான் நின்றாய்’ என்று கால் தடத்தைக் காட்டுவான், கடைசியில் இன்னொரு தடவை எறியலாம் என்று முடியும். எல்லாம் இரண்டு நிமிடம், முழுக்க நம் பேச்சுமொழியான கிரியோலில். சான்று காட்டுவது, மறுப்பது, எல்லோருக்கும் ஒரே விதி வைப்பது, ஆத்திரத்தை அடக்குவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது, பெரியவர் தலையிட்டால் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள். கை ஓங்கினாலோ, ஒரே பிள்ளையைத் தினமும் ஒதுக்கினாலோ மட்டும் போங்கள்.

கேள்வி: மரத்தில் ஏறி முழங்கை சிராய்த்துக்கொண்டான். தடை செய்யச் சொல்லலாமா? (கத்ர் போர்ன்)

சிராய்ப்புக்காக வேண்டாம். தொங்கி ஏறும்போது தோளும் விரலும் வலுக்கின்றன, பென்சில் பிடிக்கவும் அதே தோளும் விரலும்தான் வேண்டும். மரத்தடியில் கூர்மையான கல், உடைந்த கண்ணாடி கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுத்திருக்கிறாள், பேச்சே வரவில்லை. (போ பாசன்)

பாண்டிக் கட்டத்தில் எண்களைத் தமிழில் சொல்லித் தாண்டச் சொல்லுங்கள். ‘குதி’, ‘நில்’, ‘திரும்பு’ என்று ஒருவர் கட்டளையிட மற்றவர்கள் செய்யும் ஆட்டமும் நன்றாக வேலை செய்யும், உடம்போடு சேர்ந்த சொல் மறக்காது. தோட்டத்திலேயே பத்து நிமிடம் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் எப்போதும் மழை. என்ன செய்வது? (கியூர்பிப்)

தூறலுக்கு மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை ஒன்று பையில். கனமழை, சூறாவளி எச்சரிக்கையால் பள்ளி விடுமுறை என்றால் வீட்டுக்குள் ஆடட்டும்.