இருபது வருஷம் முடிஞ்சாச்சு, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துடலாமா?

பென்ஷன் சந்தேகம் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையிலிருந்துதான். குன்னூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான் என்பது வெளியே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: 2006 பிப்ரவரியில் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் (வெடிமருந்துத் தொழிற்சாலை) சேர்ந்தேன். வயது 47. குளிரும் முழங்கால் வலியும் சேர்ந்து படுத்துகின்றன. இந்த பிப்ரவரியோடு 20 வருஷம் ஆகிவிட்டது. என்.பி.எஸ்.ஸிலிருந்து (தேசிய ஓய்வூதியத் திட்டம்) யு.பி.எஸ்.ஸுக்கு (உறுதியான தொகை தரும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) ஆப்ஷனும் கொடுத்துவிட்டேன். இப்போது வி.ஆர்.எஸ். வாங்கினால் அடுத்த மாதமே பென்ஷன் வருமா? பேக்டரி கம்பெனியாகிவிட்டதே, நாங்கள் இன்னும் மத்திய அரசு ஊழியர்கள்தானா?
(வாசகர், அருவங்காடு)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2021 அக்டோபர் 1 அன்று அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய ஆர்டனன்ஸ் பேக்டரி போர்டு கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளானது, உங்கள் பேக்டரி மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டுக்குப் போனது. ஆனால் ஊழியர்களை டீம்டு டெபுடேஷனில்தான், அதாவது அரசு ஊழியராக இருந்தபடியே கம்பெனிக்கு அயல்பணியில் போனதாகக் கருதித்தான் அனுப்பினார்கள். அந்த டெபுடேஷனில் இருக்கிறவரை மத்திய அரசு ஊழியருக்கான பணி விதிகள்தான் உங்களுக்கும்.

அடுத்த மாதமே பென்ஷன் வருமா என்றால், வராது. யு.பி.எஸ்.ஸில் 25 வருஷம் முடித்தவருக்குத்தான் முழுத்தொகை, அதாவது கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி. 20 வருஷம் முடித்து வி.ஆர்.எஸ். வாங்கினால் விகிதக் கணக்கில் கிடைக்கும். சராசரி 50,000 ரூபாய் என்றால் பாதி 25,000, அதில் 25-க்கு 20 பங்கு, ஆக 20,000. இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 20,000 எப்போது தொடங்கும் தெரியுமா? நீங்கள் வழக்கமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தேதியிலிருந்து, அதாவது உங்களுக்கு 60 ஆனபிறகு. அகவிலை நிவாரணமும் அப்போதுதான். நடுவில் உள்ள 13 வருஷத்துக்கு பணிக்கொடை, யு.பி.எஸ்.ஸில் தரும் மொத்தத் தொகை, சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பைக் காசாக்கின பணம் என்று ஓய்வின்போது கையில் வருவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கேன்டீனில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என்.பி.எஸ்.ஸிலேயே இருந்திருந்தால் கணக்கு வேறு. 20 வருஷம் முடித்து விருப்ப ஓய்வில் போகிறவருக்கு, சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை உடனே கையில், மீதி 40-க்கு ஆனுவிட்டி, அதாவது காப்பீட்டுக் கம்பெனி மாதாமாதம் தரும் தொகை. அந்த ஆனுவிட்டிக்கு அகவிலை நிவாரணம் கிடையாது, பொதுவாக இன்றைக்கு வருவதுதான் இருபது வருஷம் கழித்தும் வரும். யு.பி.எஸ்.ஸிலிருந்து என்.பி.எஸ்.ஸுக்கு ஒரே ஒருமுறை திரும்பலாம், விருப்ப ஓய்வுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். வி.ஆர்.எஸ். நோட்டீஸும் மூன்று மாதம்தான். அதனால் நோட்டீஸ் எழுதி நீட்டிவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சர்வீஸ் புக்கை (பணிப் பதிவேட்டை) போய்ப் பாருங்கள். "20 வருஷம்" என்பது நீங்கள் காலண்டரில் எண்ணியது. மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த சம்பளமில்லா விடுப்பு பொதுவாகத் தகுதிச் சேவையில், அதாவது பென்ஷனுக்கு எண்ணும் பணிக்காலத்தில் சேராது. கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ ஒரு மூன்று மாதம் அப்படி எடுத்திருந்தால் உங்களுக்கு இன்னும் 20 ஆகவில்லை. என் கதையையே சொல்கிறேன். எனக்கு 55 ஆனபோது புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இங்கத்திய மழைக்கு பூஞ்சை பிடித்து நடுப்பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. அடிமட்டத்தை விட்டு மெதுவாகப் பிரித்தால், மூன்று வருஷத்துக்குப் பணி சரிபார்ப்புக் கையெழுத்தே இல்லை, போதாக்குறைக்கு மனைவியின் பிறந்த வருஷம் ஐந்து வருஷம் தள்ளி எழுதியிருந்தது. சரிசெய்ய பதினோரு மாதம் ஆனது. வருஷத்துக்கு ஒருமுறை புத்தகத்தை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. 18 வருஷம் முடிந்ததும், ஓய்வுக்கு ஐந்து வருஷம் முன்பும் தகுதிச் சேவையைச் சரிபார்த்துச் சான்று தரவேண்டும் என்பதும் விதி. உங்களுக்கு 18 வருஷச் சான்று வந்ததா? வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

முழங்காலைப் பற்றி ஒன்று. நிலைமை மோசமாகி, ஊனச் சான்று தரும் அளவுக்குப் போனால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். 47 வயதில் பாய்லர் ஷெட்டையோ நைட் ஷிப்டையோ விட்டுவிட நினைப்பது நியாயம். சம்பளத்தையே விட்டுவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: 2021 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். ஜூலை 1 இன்கிரிமென்ட் ஒரே நாளில் போயிற்று. இப்போது அது கிடைக்கும் என்கிறார்களே?
(வாசகர், கொடைக்கானல்)

பதில்: கிடைக்கும், ஆனால் பென்ஷனுக்கு மட்டும். உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 11 அன்று தீர்ப்பளித்தது. பணியாளர் துறையின் 2025 மே 20 ஆணையின்படி, ஜூன் 30 அல்லது டிசம்பர் 31-ல் ஓய்வு பெற்று, அந்த வருஷத்து வேலையைத் திருப்தியாக முடித்திருந்தால், ஒரு இன்கிரிமென்ட்டைக் கணக்குக்காகச் சேர்த்து பென்ஷனைத் திருத்துவார்கள். உங்களைப்போல் தீர்ப்புக்கு முன்பே போனவர்களுக்கு 2023 மே 1 முதல்தான் கூடுதல் தொகை, அதற்கு முந்தைய அரியர்ஸ் கிடையாது. பணிக்கொடை, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை மொத்தமாக முன்பே வாங்கியது), விடுப்புப் பணம் எதுவும் மாறாது. அடிப்படை 60,000 இருந்திருந்தால் இன்கிரிமென்ட் சுமார் 1,800, பென்ஷனில் 900 கூடும், அதற்கு அகவிலை நிவாரணமும் உண்டு. பேங்கில் போய் நிற்காதீர்கள். கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதுங்கள், அவர்கள்தான் பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணையை) திருத்த அனுப்ப வேண்டும்.

கேள்வி: அப்பா மத்திய அரசு ஓய்வூதியர், இறந்துவிட்டார். அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். நான் கணவரைப் பிரிந்து பத்து வருஷமாக அம்மாவோடுதான் இருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட பத்திரம் இருக்கிறது. அம்மாவுக்குப் பிறகு எனக்குக் கிடைக்குமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: அம்மா, இந்தப் பத்திரத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஊரில் அதற்கு மரியாதை இருக்கலாம், பென்ஷன் பிரிவு கேட்கப்போவது நீதிமன்ற உத்தரவை. விவாகரத்தான மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் விவாகரத்து மனுவை அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போதே நீதிமன்றத்தில் போட்டிருக்க வேண்டும். தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை. உங்கள் அம்மா இருக்கிறார், அதுதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் அவகாசம். இந்த மாதமே ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் வருமானமும் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000, அதோடு அகவிலை நிவாரணம் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். குடும்ப விவரப் படிவத்தில் உங்கள் பெயரை அம்மாவை வைத்து இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊட்டி பிலிம் பேக்டரியில் இருந்து வி.ஆர்.எஸ். வாங்கினேன். அதுவும் மத்திய அரசுதானே, எங்களுக்கு ஏன் இந்த பென்ஷன் இல்லை?
(வாசகர், இந்து நகர்)

பதில்: அது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமாக இருந்தது, மத்திய அரசுத் துறையாக இல்லை. உங்களுக்கு இருப்பது பி.எஃப். அலுவலகத்தின் இ.பி.எஸ்.-95 (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்), குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 2014-ல் வைத்த அந்த ஆயிரத்தில் இன்றைக்கு என்ன வாங்க முடியும் என்று நீங்கள் கோபப்படுவது நியாயம்தான்.

கேள்வி: என் மாமியாருக்கு 81 வயது, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். தேயிலை பறித்துத் தேய்ந்த விரல், வாழ்வுச் சான்றுக்கு ரேகை விழமாட்டேன் என்கிறது. நவம்பரில் பஸ் ஏறி பேங்குக்கு அழைத்துப் போவதும் கஷ்டம்.
(வாசகி, கூடலூர்)

பதில்: ரேகையை விடுங்கள். ஜீவன் பிரமாணில் (அரசின் டிஜிட்டல் வாழ்வுச் சான்று) முகம் காட்டியே முடிக்கலாம், உங்கள் போனே போதும். முடியாவிட்டால் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுப்பார், அதற்குக் கட்டணம் உண்டு. 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 80 முடிந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து அவருக்கு 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் வரவேண்டும். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் அனேகமாக மாமனாரின் பி.பி.ஓ.வில் மாமியாரின் பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருக்கும். பிறந்த தேதிக்கான சான்றையும் ஆதார் நகலையும் வைத்து மாமனாரின் பழைய அலுவலகத்துக்கு ஒரு மனு, அதன் நகல் பேங்குக்கு. ஒரு வருஷ அரியர்ஸ் இருக்கிறது, விடாதீர்கள்.