ரஷ்ய ஜூனியர் டென்னிஸிலிருந்து இத்தனை பேர் எப்படி மேலே வருகிறார்கள்?

முதல் காரணம், பயிற்சியாளர்கள் என்பேன். மாஸ்கோவின் ஸ்பார்டக் கிளப்பில் சின்னக் குழந்தைகளைப் பழக்கியவர்களே பெரிய கைகள். டென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவாவுக்குக் கற்றுக்கொடுத்த லரிசா பிரியபிரஜென்ஸ்கயா அங்கேதான் இருந்தார். அந்தத் தலைமுறையின் அறுவடை 2004இல் தெரிந்தது: பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் மூன்றையும் ரஷ்யப் பெண்களே வென்றார்கள்.

இப்போதைய அலையைப் புரிந்துகொள்ள 2023 ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பெண்கள் இறுதியாட்டத்தைப் பாருங்கள். அலினா கோர்னியேவா, மீரா ஆண்ட்ரியேவா, இருவருக்கும் 15 வயதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அடித்துக்கொண்டார்கள். 6-7, 6-4, 7-5 என்று கோர்னியேவா ஜெயித்தார். தோற்ற மீரா அழ, கோர்னியேவா கட்டிப்பிடித்துத் தேற்றினார். ஜூனியர் டென்னிஸில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. அப்புறம் அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டத்தையும் கோர்னியேவாவே வென்றார்.

ஆனால் சீனியர் களத்தில் முந்தியது மீராதான். சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்கில் பிறந்தவர். சோச்சி, மாஸ்கோ, பிறகு பிரான்ஸின் கான் நகரம் என்று பயிற்சிக்காகக் குடும்பமே இடம் மாறியது. 2025இல் 17 வயதில் துபாய், இண்டியன் வெல்ஸ் போட்டிகள் இரண்டையும் அடுத்தடுத்து வென்றார். கோர்னியேவாவையோ காயங்கள் பின்னுக்கு இழுத்துவிட்டன. ஜூனியர் பட்டத்தை மட்டும் வைத்து யாரையும் கணித்துவிட முடியாது.

உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து 2022 மார்ச்சில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ரஷ்யச் சங்கத்தை இடைநீக்கம் செய்ததால், இவர்கள் வென்ற இந்தப் பட்டங்களில் எதிலும் நாட்டுக் கொடி கிடையாது.