கடவுச்சொல்லை மாற்றினேன், ஓடர்கள் நின்றுவிட்டன

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறேன். பயித்தம்பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு. எங்கள் பேஸ்புக் பக்கத்துக்கு வரும் ஓடர்களைத் தானாகவே கேட்டு வாங்கி அட்டவணையில் பதியும் மென்பொருள் ஒன்றை என் பெறாமகன் செய்து தந்தான். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. போன மாதம் யாரோ என் கணக்கில் நுழையப் பார்ப்பதாக அறிவித்தல் வந்ததால் கடவுச்சொல்லை மாற்றினேன். அதன் பிறகு ஒன்பது நாட்களாக ஓர் ஓடரும் பதியப்படவில்லை. வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெறாமகன், தான் எதிலும் கைவைக்கவில்லை என்கிறான். இது யாருடைய பிழை? பழைய வாடிக்கையாளர்களை எப்படித் தேடிப் பிடிப்பது? இந்தத் தளத்தை விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்: அக்கா, முதலில் பெறாமகனோடு உள்ள மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் எதிலும் கைவைக்கவில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். அறிவித்தல் வந்ததும் நீங்கள் கடவுச்சொல்லை மாற்றியதும் செய்ய வேண்டிய வேலைதான். ஓடர்கள் நின்றது இடையில் இருந்த ஒரு டோக்கனால்.

மென்பொருள் ஒன்று உங்கள் பேஸ்புக் பக்கத்துக்கு வரும் செய்திகளைப் படித்துப் பதில் அனுப்ப வேண்டுமானால், தளம் அதற்கு ஓர் அனுமதிச் சீட்டுக் கொடுக்கும். துறைமுகத்துக்குள் போகும் லொறிக்காரர் கையில் இருக்கும் பாஸ் மாதிரி. அதைத்தான் டோக்கன் என்கிறோம். பேஸ்புக்கில் முதலில் கிடைக்கும் டோக்கன் ஓரிரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். நீண்டகால டோக்கன் சுமார் 60 நாட்கள் செல்லும். அந்த நீண்டகால டோக்கனைக் காட்டி, பக்கத்துக்கென எடுக்கும் டோக்கனுக்கு முடிவுத் திகதி கிடையாது. ஒன்றரை வருடம் ஓடியது என்றால் உங்கள் பெறாமகனான தம்பி இந்த மூன்றாவது வகையைத்தான் எடுத்திருக்கிறார்.

ஆனால் அது உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பிறந்த சீட்டு. நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினால், அந்தக் கணக்கின் பெயரில் முன்பு கொடுத்த சீட்டுகளைத் தளம் செல்லாதவை ஆக்கிவிடும். திருடன் ஒருவன் உள்ளே நுழைந்து ஒரு சீட்டை எடுத்து வைத்திருந்தால் அதுவும் அப்போதே செத்துப்போக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. செத்த டோக்கனோடு மென்பொருள் பதில் அனுப்பப் போகும்போது, தளம் 190 என்ற பிழை இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த 190 வந்தவுடன் தம்பியின் கைத்தொலைபேசிக்கு ஓர் அறிவித்தல் போகும்படி நாலு வரி எழுதியிருந்தால், ஒன்பது நாள் இழப்பு ஒரு மணி நேரத்தோடு முடிந்திருக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளிலும் இதே ஓட்டை இருந்தது. தீபாவளிக்கு முதல் வாரம் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் நான் முதலில் எழுதுவது இந்த நாலு வரிகளைத்தான். இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள்: பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வணிகக் கணக்கில் 'சிஸ்டம் யூசர்' என்று, ஆளுக்கல்லாமல் மென்பொருளுக்கென்றே ஒரு கணக்கு வசதி உண்டு. அதன் பெயரில் டோக்கன் எடுத்தால், உங்கள் சொந்தக் கடவுச்சொல் மாறினாலும் அது தொடர்ந்து செல்லும்.

இனி உடனே செய்ய வேண்டியது. பக்கத்தின் செய்திப்பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள். மென்பொருள்தான் ஊமையானது; வாடிக்கையாளர்கள் எழுதியவை அங்கேயே கிடக்கும். மெசெஞ்சரில் மென்பொருள் தாராளமாகப் பதில் எழுதலாம் என்பது வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்குத்தான். ஆகவே பழைய செய்திகளுக்கு மென்பொருளை நம்பி இருக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம் எழுதியவர்களை இன்றே அழைத்து, தாமதத்துக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையின் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கவலை வந்தது. முதல் நிரலில் பதினாறு எண்கள் நீளமாக ஓடுகின்றன. பக்கத்தில் "பயித்தம்பணியாரம் 2 பெட்டி, சனிக்கிழமை, பாமன்கடை". பெயர் இருக்கிறது. தொலைபேசி இலக்கத்துக்கு நிரலே இல்லை. அந்தப் பதினாறு எண்களை வாடிக்கையாளரின் அடையாளம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அது உங்கள் பக்கத்துக்கென்று மட்டும் தளம் உருவாக்கிக் கொடுத்த அடையாளம். அதே ஆள் பக்கத்துத் தெருக் கடையின் பக்கத்துக்கு எழுதினால் அங்கே வேறு எண் கிடைக்கும். உங்கள் பக்கம் நாளை இல்லாமல் போனால் அந்த நிரல் முழுவதும் வெறும் எண்கள். ஒன்றரை வருடம் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் உங்களிடம் இருப்பதாக நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் அக்கா. இப்போதைக்கு அது உங்களிடம் இல்லை.

இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் வேறு எண் கொடுப்பது பயனரின் நன்மைக்குத்தான். ஒரே எண் எல்லா இடத்திலும் செல்லுபடியானால், நாலு கடைகளின் பட்டியல்களைப் பொருத்திப் பார்த்து ஒருவர் எங்கே என்ன வாங்குகிறார் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். வெளி மென்பொருள்களுக்குக் கதவை அகலத் திறந்து வைத்ததன் விளைவு, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் பயனர்களின் தகவல்கள் போன விவகாரத்தில் வெளிவந்தது. 2018இல் பேஸ்புக் தானே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, 8 கோடி 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு பூட்டுகள் இறுகின. பயனரைக் காக்கும் அதே பூட்டுத்தான் தம்பி போன்றவர்களின் வேலையை ஒரே இரவில் நிறுத்துகிறது. இரண்டு தரப்பின் கவலையும் நியாயமானது.

பட்டியலை மீட்க வழி உண்டு. அமைப்புகளில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. பக்கத்தின் செய்திகளைத் தேர்ந்து கேளுங்கள். கோப்பு வகையைக் கேட்கும்போது எச்.டி.எம்.எல். என்று கொடுங்கள். மென்பொருள்கள் வாசிப்பதற்கான ஜேசன் வகையில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து, வாசிக்க முடியாத குறிகளாக வரும். அதைச் சரிசெய்யத் தம்பி தனியாக ஒரு சிறு மென்பொருள் எழுத வேண்டியிருக்கும். தரவிறக்கியதும் கோப்பில் 07 என்று தேடுங்கள். நம் நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. "வந்ததும் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று எழுதியவர்கள் நீங்கள் நினைப்பதை விட அதிகம் பேர் இருப்பார்கள். +94 என்றும் ஒரு தடவை தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவுக்காக ஓடர் கொடுப்பவர்கள் அப்படி எழுதுவார்கள்.

தளத்தை விடுவதா? வேண்டாம். உங்களைத் தேடி வருபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் கதவு எந்த நாளும் மூடப்படலாம் என்ற எண்ணத்தோடு இருங்கள். 2018 ஓகஸ்டில், வெளி மென்பொருள்கள் ஒருவரின் சொந்தக் கணக்கில் பதிவிடும் அனுமதியை பேஸ்புக் எடுத்துவிட்டது. 2023 ஜனவரியில் ட்விட்டர், பிறர் செய்த செயலிகளை முன்னறிவிப்பே இல்லாமல் துண்டித்தது. அதே ஆண்டு ரெடிட் என்ற கலந்துரையாடல் தளம் வெளிச் செயலிகளுக்குப் புதிய கட்டணம் அறிவித்தபோது, அந்தத் தளத்தை வாசிக்க உதவிய அப்பலோ என்ற செயலியைச் செய்தவர் ஆண்டுக்கு இரண்டு கோடி டொலர் வரும் என்று கணக்குப் பார்த்து ஜூன் 30இல் அதை மூடினார். பேஸ்புக் குழுக்களுக்கான ஏ.பி.ஐ., அதாவது வெளி மென்பொருள்கள் தளத்தோடு பேசும் வழி, 2024 ஏப்ரலில் நின்றது. கிடைத்த அவகாசம் 90 நாட்கள். தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இவற்றில் ஒன்றையும் தடுத்திருக்க முடியாது. நம் நாட்டில் சமூக வலைத்தளங்களை அரசு தடுத்த நாட்களும் உண்டு: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3. அந்த நாட்களில் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் வைத்திருந்த கடைக்காரர் குறுஞ்செய்தி அனுப்பி வேலையைப் பார்த்தார்.

ஆகவே மென்பொருளின் முதல் கேள்வி "என்ன வேண்டும்" என்றால், இரண்டாவது கேள்வி தொலைபேசி இலக்கமாக இருக்கட்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: விநியோகத்துக்கும், ஓடர் சம்பந்தமாகத் தொடர்புகொள்ளவும். பண்டிகைக்கால அறிவிப்பு அனுப்புவதானால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு புறம் இருக்க, வீட்டு முகவரியை நம்பித் தந்தவருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையும் அதுதான். அட்டவணையின் இணைப்பு கிடைத்த எவரும் அதைத் திறக்கலாம் என்ற நிலையில் இருக்கிறதா என்று இன்று இரவே தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் உடனே மூட வேண்டும். பக்கத்துக்கு இரண்டாவது நிர்வாகியாக வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்து, இருவர் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பூட்டை, போடுங்கள். மாதக் கடைசியில் அட்டவணையை அச்செடுத்து, பலகாரக் கணக்கெழுதும் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு விநியோகம் செய்யும் முச்சக்கரவண்டித் தம்பியையும் மறக்க வேண்டாம். வாசலில் நின்று அழைத்த ஒவ்வொரு வாடிக்கையாளரின் இலக்கமும் அவருடைய தொலைபேசியில் இருந்திருக்கும். பழைய அழைப்புகள் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் என்பதால், தரவிறக்கக் கோப்பு வந்து சேரும் வரை காத்திருக்காமல் முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதி எடுங்கள்.